சேலம் விமான நிலையம் போர்க்காலப் பயிற்சித் தளமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம், இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளுக்குப் பயிற்சி தர வெள்ளைக்காரர்கள் போட்டது என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா? உளுந்தூர்பேட்டையில் கிடக்கும் பழைய ஓடுதளமும் அப்படிப்பட்ட பயிற்சித் தளம்தானா? சேலத்தில் அந்தக் காலத்தில் எதுவுமே இல்லையா?

பதில்:

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. கமலாபுரம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. அதற்கும் போருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே இருப்பது வடகிழக்கு – தென்மேற்காகப் போகும் ஒரே ஓடுதளம், நீளம் சுமார் 1,800 மீட்டர். சிறிய பயணிகள் விமானம் வந்து போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். திறந்த பிறகும் அது ஒழுங்காக ஓடவில்லை. சில மாதங்களில் சேவை நின்றது, 2009இல் மீண்டும் வந்தது, மறுபடி நின்றது, 2018இல் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், அதுவும் நின்று 2023 அக்டோபரில் திரும்பவும் தொடங்கியது. இடையிடையே ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால், பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கு அது ஏதோ பழைய ராணுவச் சொத்து போலத் தெரிந்திருக்கும். கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

உளுந்தூர்பேட்டை வேறு விஷயம். அது உண்மையாகவே போர்க்காலத் தளம். சேலத்துக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, கடலூர்க் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அந்த இருப்பிடமே அது எதற்காகப் போடப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். வங்கக்கடலைக் காவல் காக்கவும், கடலோரத் தளங்கள் அடிபட்டால் பின்வாங்கி நிற்கவும் ஏற்ற இடம் அது. ஆள் பழக்குவதற்காகத் தேர்ந்தெடுத்த இடம் அல்ல.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தை உடைத்துவிடலாம். நீளமான கான்கிரீட் ஓடுதளத்தைப் பார்த்தவுடன் ‘பயிற்சித் தளம்’ என்று சொல்லிவிடுகிறோம். நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அந்தக் காலத்தில் ஒருவன் பறக்கக் கற்றுக்கொண்ட இடத்துக்குக் கான்கிரீட்டே தேவைப்படவில்லை. நல்ல மைதானம் போதும். அத்தகைய இடங்கள் போர் முடிந்ததும் மேய்ச்சல் நிலமாகவும் வீட்டுமனையாகவும் மாறி, அடையாளம் இல்லாமல் போய்விட்டன. இன்று நம் கண்ணில் படும் கான்கிரீட், பழகி முடித்தவர்களுக்காகவும் கனமான விமானங்களுக்காகவும் போட்டது.

ஏன் என்று கேட்டால், அன்று மாணவர்கள் பறக்கப் பழகிய விமானத்தைப் பார்க்க வேண்டும். அது ‘டைகர் மாத்’. 1931இல் முதன்முதலாகப் பறந்த, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட வண்டி. மரமும் உலோகக் குழாயும் சேர்த்த எலும்புக்கூடு, மேலே துணி இழுத்துக் கட்டி வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு. ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து எடை ஒரு டன்கூட வராது. 130 குதிரைத்திறன் எஞ்சின். மேலே கூரை இல்லாத இரண்டு இருக்கைகள், ஒன்றன் பின் ஒன்றாக. பயிற்சியாளர் முன்னால், மாணவன் பின்னால். முதல் தடவை தனியாகப் பறக்கும்போதும் மாணவன் பின் இருக்கையிலேதான் உட்காருவான், முன் இருக்கை காலியாக இருக்கும். பேசிக்கொள்ள வானொலி கிடையாது. வாயில் வைத்துப் பேசும் ஒரு ரப்பர்க் குழாய், மறுமுனை மாணவனின் காதில். பயிற்சியாளர் திட்டுவது கேட்கும், பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. பயிற்சிப் பள்ளிகளில் இது ஒரு வசதியாகவே கருதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எஞ்சினைக் கிளப்ப சாவி, பொத்தான் எதுவும் கிடையாது. தரையில் ஒருவர் நின்று காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். முதலில் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று சத்தம் போட்டு உறுதி செய்துகொண்டு, எரிபொருள் உள்ளே இறங்க நாலைந்து சுற்று சுற்றுவார். பிறகு ‘காண்டாக்ட்’ என்று கூப்பிட்டுவிட்டு, காற்றாடியை ஒரே வீச்சாகக் கீழே இழுத்துவிட்டுச் சட்டென்று பின்னால் விலகுவார். விலகத் தாமதித்தால் கை போகும். விமானத்துக்குப் பிரேக்கும் இல்லை. வால் பக்கம் சக்கரத்துக்குப் பதில் தரையை உரசிக்கொண்டு வரும் ஒரு முளை. இறங்கியதும் அந்த முளை புல்லில் உழுதுகொண்டே வரும், அதுதான் பிரேக். கான்கிரீட்டில் இறக்கினால் முளை பிடிக்காது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று, காற்று. இவ்வளவு லேசான விமானத்தைப் பக்கவாட்டுக் காற்று தூக்கிப் போட்டுவிடும். ஆகவே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராகவே ஏறவும் இறங்கவும் வேண்டும். இதற்கு ஏற்றது, எந்தத் திசையிலும் ஓடக்கூடிய சதுர அல்லது வட்டமான புல்வெளி. ஒரு பக்கம் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் இருந்தால் தாராளம். ஓரத்தில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய், ஒரு கொட்டகை, எரிபொருள் பீப்பாய்கள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். இது பிற்காலத்தில் என்ன தடயத்தை விட்டுவைக்கும்? ஒன்றும் விட்டுவைக்காது.

இந்திய விமானப்படைக்கு ஆள் சேர்ந்தவர்கள் நேராக இந்த மைதானத்துக்கு வந்துவிடவில்லை. முதலில் லாகூருக்கு அருகே வால்டனில் தொடக்கப் பயிற்சிப் பள்ளி. அங்கே விமானம் இல்லை, கணக்கு, வானிலை, வரைபடம், அணிவகுப்பு. அடுத்து டைகர் மாத். அதற்கான இரண்டு பள்ளிகள் ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்தன. அதைத் தேறியவர்கள் அம்பாலாவுக்குப் போய் ‘ஹார்வர்ட்’ ஓட்டினார்கள். அமெரிக்காவில் வடிவமைத்த இரட்டை இருக்கை விமானம் அது. சுமார் 2.4 டன் எடை, டைகர் மாத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட குதிரைத்திறன், உள்ளே மடிந்துகொள்ளும் சக்கரம், மேலே கண்ணாடி மூடி. இறங்கும்போது சற்று அசந்தால் தரையிலேயே வட்டமடித்து இறக்கையை உடைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதன் பிறகு சண்டை விமானங்களுக்கான பயிற்சிப் பிரிவு, அது ரிசால்பூர், பெஷாவர் பக்கம். ஆக, சென்னை மாகாணத்திலிருந்து விமானியாகப் போன ஓர் இளைஞன் பறப்பதற்கு வடக்கே போய்த்தான் பழகினான். பேகம்பேட் ஒன்றுதான் சற்றுப் பக்கம். இந்தப் பள்ளிகளின் வரிசையில் உளுந்தூர்பேட்டையும் இல்லை, சேலமும் இல்லை.

பிறகு எதற்காகத் தமிழ்நாட்டில் இவ்வளவு ஓடுதளங்கள்? காரணம் 1942இன் முதல் நான்கு மாதங்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். ஏப்ரல் 5 அன்று ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின, மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின, 9ஆம் தேதி திருகோணமலை. சென்னை காலியானது. கிடைத்த ரயிலில் ஏறி மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சென்னை விலங்குக் காட்சிச்சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பீதியில் ஒரு உண்மை எல்லோருக்கும் உறைத்தது. இந்தியாவின் பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க வடமேற்கு எல்லையைப் பார்த்தே கட்டப்பட்டிருந்தது. கிழக்குக் கடற்கரையில் நவீன விமானம் இறங்க ஒழுங்கான இடமே கிடையாது. அந்த ஆண்டிலேயே நாடு முழுக்க 200க்கு மேற்பட்ட விமானத்தளங்கள் போடும் வேலை முடுக்கிவிடப்பட்டது. சோழவரம், அரக்கோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை எல்லாம் அந்த அவசரத்தின் பிள்ளைகள். கனரக இயந்திரம் குறைவு. கல்லைக் கையால் உடைத்து, கூடையில் சுமந்து, பெரும்பகுதி பெண்களின் உழைப்பில்தான் அந்தக் காலத்து இந்திய ஓடுதளங்கள் எழுந்தன.

சேலத்துக்குப் பக்கத்தில் உண்மையான போர்க்காலப் பயிற்சித் தளம் வேண்டுமென்றால் வரைபடத்தில் நேர் வடக்கே கோடு போடுங்கள். சேலத்தின் தீர்க்கரேகையும் கோலாரின் தீர்க்கரேகையும் ஏறக்குறைய ஒன்றே. சேர்வராயன் மலையைத் தாண்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைத் தாண்டிச் சுமார் 165 கிலோமீட்டர். அங்கே 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 1673ஆம் எண் கனரக விமான மாற்றுப் பயிற்சிப் பிரிவு இயங்கியது. இரண்டு எஞ்சின் விமானம் ஓட்டிப் பழகியவர்களை நான்கு எஞ்சின் ‘லிபரேட்டர்’ குண்டுவீச்சு விமானத்துக்கு மாற்றுவது அதன் வேலை. டைகர் மாத் ஒரு டன்னுக்குள் அடங்கும் என்றேன். முழுச் சுமையோடு லிபரேட்டர் 29 டன் வரை போகும். இதற்குப் புல்வெளி எப்படித் தாங்கும்? கான்கிரீட் இல்லாமல் முடியாது.

லிபரேட்டர் பயிற்சியில் பறப்பது பாதிதான். மீதி, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிப்பதும் இரவில் வழி கண்டுபிடிப்பதும். ஏனென்றால் இந்தப் போர்முனையில் தூரம்தான் முதல் எதிரி. இலங்கையின் மின்னேரியாவிலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள் 1945 மார்ச்சில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பின. ஒரே மூச்சில் 20 மணி நேரத்துக்கு மேல் பறந்த பயணம் அது. கோலார்ப் பயிற்சிப் பிரிவிலிருந்தே 1944 நவம்பரில் 358ஆம் படையணி பிறந்தது. பழக வந்தவர்களையே படையணியாக்கி வங்காளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோலாரில் பழகியவர்களுக்குத் தெற்கே இருந்த சேலம் வட்டாரம் எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிப்பது எனக்குப் பிடிக்கும். ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டர். உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கும் இடம் 1,620 மீட்டரை எட்டும். தெற்கே பறந்து வருகிறவனுக்குச் சமவெளிக்கு நடுவே சட்டென எழும்பும் சுவர் அது. மேற்கே 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு, நிலா வெளிச்சத்தில்கூடத் தப்பாது. வழி தவறியவனுக்கு மேட்டூர் ஏரியைவிட நல்ல அடையாளம் இந்தப் பகுதியில் வேறு இருந்திருக்க முடியாது.

பெங்களூருக்குப் பக்கத்தில் எலஹங்காவில் இன்னொரு பிரிவு, 1672ஆம் எண். அது ‘மஸ்கிட்டோ’ விமானத்துக்கு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தட்பவெப்பம் அதன் கதையில் ஒரு பாத்திரம். மஸ்கிட்டோ மரத்தால் செய்த விமானம். மெல்லிய பலகைகளைப் பசை போட்டு அடுக்கி ஒட்டிய உடல், இரண்டு எஞ்சின், அந்தக் காலத்தில் வேகத்தில் முன்வரிசை. இங்கிலாந்தில் அபாரமாக வேலை செய்தது. இந்தியாவுக்கு வந்ததும் 1944இன் பிற்பகுதியில் சில விமானங்கள் நடுவானில் உடைந்தன, இறக்கை பிய்ந்து ஆட்கள் இறந்தார்கள். நவம்பரில் இந்தப் பகுதியில் இருந்த மஸ்கிட்டோக்கள் பறக்கத் தடை விழுந்தது. முதலில் எல்லோரும் வெயிலையும் மழையீரத்தையும் கைகாட்டினார்கள். பசை இளகிவிட்டது, மரம் சுருங்கிவிட்டது என்றார்கள். பிரித்துப் பார்த்தபோது தொழிற்சாலையிலேயே இறக்கையின் சில மூட்டுகள் சரியாகப் பொருந்தாமல், இடைவெளியோடு ஒட்டப்பட்டிருந்ததும் தெரியவந்தது. மூட்டுக்கு மேல் ஒட்டுப்பலகைப் பட்டை வைத்து மூடுவது என்று பின்னர் ஒரு மாற்றம் செய்தார்கள். குற்றத்தை முழுக்க நம் வெயில் தலையில் கட்டிவிட்டுப் போகாமல் பிரித்துப் பார்த்த பொறியாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் கதை கப்பற்படையுடையது. பிரிட்டிஷ் கப்பற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்க 1942இல் கோவையில் ஒரு பட்டறைத் தளம் அமைத்தது, பெயர் ‘கருடா’. சூலூர்த் தளத்துக்கு ‘வைரி’, தாம்பரத்தில் இருந்ததற்கு ‘வல்லூறு’. எல்லாம் வேட்டைப் பறவைகளின் பெயர்கள். யாரோ தமிழ் தெரிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கடலிலிருந்து தள்ளியிருக்கும் கோவையில் கப்பற்படைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கப்பலில் வந்த விமானம் கொச்சியில் இறங்கும். எதிரி விமானம் எட்டாத இடம், ரயில் உள்ள இடம், லேத்து வேலை தெரிந்த ஆட்கள் உள்ள இடம் என்று தேடினால் கோவைதான் கிடைக்கும்.

அப்படியானால் சேலத்துக்கு ஏன் ஒன்றும் வரவில்லை? ரயில் இங்கேயும் இருந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் போத்தனூருக்கும் கொச்சிக்கும் போகும் பாதையில் சூரமங்கலம் முக்கியமான நிலையம். எனக்குத் தோன்றும் காரணம் நிலவமைப்பு. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. புதிதாகப் பழகுகிறவனை இதற்குள் சுற்றவிட எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. கடற்காவலுக்கோ இது உள்ளே தள்ளியிருக்கிறது. ஓமலூர்ப் பக்கம் நிலம் திறந்து கிடப்பதால்தான் பிற்காலத்தில் விமான நிலையத்துக்கு அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

போருக்குச் சேலம் கொடுத்தது வேறு சரக்கு. வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி வட்டாரத்தில் தோண்டும் மேக்னசைட். அதை நன்றாகச் சுட்டால் கிடைப்பது எஃகு உலைகளின் உள்சுவருக்கான செங்கல்லின் மூலப்பொருள். எஃகு இல்லாமல் போர் இல்லை, உலைச்சுவர் இல்லாமல் எஃகு இல்லை. ஓடுதளம் போல இது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் யாரும் பேரன் பேத்திகளுக்குச் சொல்வதும் இல்லை.

போர் முடிந்ததும் தளங்களின் தலையெழுத்து பலவிதமாகப் போனது. தாம்பரத்துக்குத்தான் பயிற்சி என்ற சொல் கடைசிவரை பொருந்தியது. விமானப் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. சோழவரத்தின் ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்தது, இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்த பிறகே அது ஓய்ந்தது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானப் படையணி வந்து உட்கார்ந்தது. சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள். அரக்கோணம் 1992 முதல் கப்பற்படையின் ‘ராஜாளி’ விமானத்தளம். எலஹங்காவில் 1996 முதல் விமானக் கண்காட்சி. உளுந்தூர்பேட்டைக்கு அப்படி அதிர்ஷ்டம் அடிக்கவில்லை.

கோலாரில் பழகிய அந்த லிபரேட்டர்களுக்கும் ஒரு பின்கதை உண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் பல லிபரேட்டர்களைப் பறக்க முடியாதபடி சேதப்படுத்திக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமான ஆலையினர் அவற்றில் தேறியதையெல்லாம் பொறுக்கிச் சரிசெய்து பறக்கவைத்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968வரை வைத்து ஓட்டியது. உலகில் லிபரேட்டரைக் கடைசியாகக் கைவிட்ட விமானப்படை நம்முடையதுதான்.

சேலத்துக்குப் பயிற்சி என்று ஒன்று வந்தது மிகவும் பிற்பாடு, அதுவும் ராணுவத்துக்கு இல்லை. தனியார் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு 2022இல் விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய நிலையங்களின் வரிசையில் சேலமும் இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கமலாபுரம் விரிவாக்கத்துக்காகப் பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, கமலாபுரம் கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் 2018 முதல் எதிர்த்து வருகிறார்கள். இந்த நேரத்தில் ‘அது ஆதியிலிருந்தே ராணுவ நிலம்’ என்ற பேச்சைப் பரப்புவது பட்டா வைத்திருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். போர்க்காலத்தில் நிலத்தை எடுத்தவர்கள் சும்மா எடுத்துவிடவில்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75ஏ என்ற விதியின்கீழ் உத்தரவு போட்டுத்தான் எடுத்தார்கள். போருக்குப் பிறகு சில நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், சிலவற்றை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே வருவாய்த் துறைக் காகிதத்தில் பதிவாகும். உங்கள் ஊரில் எந்த மைதானத்தைப் பற்றியாவது இப்படிக் கதை இருந்தால், சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பழைய அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். 1940களில் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது, பட்டாவா புறம்போக்கா, பாதுகாப்புத் துறை என்ற குறிப்பு எங்காவது வருகிறதா என்று பாருங்கள். கூடவே 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட இந்திய வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விமானத்தளங்களை அவற்றில் தனிக்குறியீட்டோடு போட்டிருப்பார்கள். இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு நாளில் விடை கிடைத்துவிடும்.